அரிசோனாவில் எந்த உயரத்தில் நிற்கிறீர்கள்?

டிசம்பர் மாதத்தில் ஃபீனிக்ஸ் நகரத்து மதிய வெயிலுக்கு அரைக்கைச் சட்டையே போதும். அங்கிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் ஃப்ளாக்ஸ்டாஃப் வரும். அதே நாளில் அங்கே சாலையோரம் முழங்கால் உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கலாம். ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஆட்கள் பனிச்சறுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். மாநில எல்லையை நீங்கள் தாண்டவில்லை. வந்தது சுமார் 230 கிலோமீட்டர்தான்.

அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் அரிசோனா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கள்ளிச்செடி, கொளுத்தும் வெயில், கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கு. மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த மூன்றை மட்டும் நம்பிப் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் பாதி வழியில் திகைத்துப் போகிறார்கள். இந்த மாநிலத்தைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்: இப்போது நாம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம்? அங்கே வியப்பாகத் தெரிகிற விஷயங்களில் முக்கால்வாசிக்கு இதிலேயே பதில் கிடைத்துவிடும்.

தென்மேற்கு மூலையில், யூமா நகரத்துக்குப் பக்கத்தில் கொலராடோ ஆறு மெக்சிகோவுக்குள் நுழையும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 22 மீட்டர் உயரம்தான். ஃபீனிக்ஸ் 330 மீட்டர். ஃப்ளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். அந்த ஊருக்குப் பின்னால் நிற்கும் ஹம்ஃப்ரீஸ் சிகரம் 3,851 மீட்டர். வடக்குப் பாதி ஒரு பெரிய பீடபூமி. தெற்கு, மேற்குப் பகுதிகள் தாழ்நிலம். இரண்டுக்கும் நடுவே மொகியோன் விளிம்பு என்று ஒரு நீண்ட செங்குத்துச் சரிவு சுமார் 300 கிலோமீட்டருக்குக் கோட்டைச் சுவர் மாதிரி ஓடுகிறது. ஒரு வீட்டின் முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஏறுவது போலத்தான் அரிசோனாவில் தெற்கிலிருந்து வடக்கே போவது.

சரி, உயரம் கூடினால் ஏன் குளிர்கிறது? மேலே போகப் போகச் சூரியனுக்குக் கிட்டே போகிறோமே என்று சின்ன வயதில் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது மிகவும் குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது. தரைதான் தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்போது அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது. விரிகிற காற்று தன் வெப்பத்தை இழக்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். அழுத்தம் குறைவதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் ஃபீனிக்ஸில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் காரின் பின்சீட்டில் போட்டுவிடுங்கள். ஃப்ளாக்ஸ்டாஃப் போய்ச் சேரும்போது அது தலையணை போல உப்பியிருக்கும்.

ஜூலை மதியத்தில் ஃபீனிக்ஸில் 41, 42 டிகிரி செல்சியஸ் சாதாரணம். அதே நேரத்தில் ஃப்ளாக்ஸ்டாஃபில் 27, 28 டிகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடம்பிலேயே பதிந்திருக்கும். ஊட்டியும் ஃப்ளாக்ஸ்டாஃபும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அப்புறம் ஏன் ஊட்டியில் பனி கொட்டுவதில்லை? ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஃப்ளாக்ஸ்டாஃப் 35 டிகிரியில். குளிர்காலத்தில் பசிபிக் கடலிலிருந்து வரும் புயல்கள் அந்தப் பீடபூமியில் முட்டி மேலே ஏறும்போது ஈரமெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஓர் ஆண்டில் அங்கே விழும் பனியின் சராசரி ஏறக்குறைய இரண்டரை மீட்டர்.

இந்த ஏற்றத்தைத் தூங்காமல் கார் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஃபீனிக்ஸை விட்டு 17ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் முதலில் இரண்டு பக்கமும் சவாரோ கள்ளிகள் கை தூக்கி நிற்கும். கோடையில் ஏற்றம் தொடங்கும் இடத்தில், எஞ்சின் சூடேறாமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகூட உண்டு. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தை நெருங்கும்போது கவனியுங்கள். அதுவரை கூட வந்த சவாரோக்கள் யாரோ கோடு கிழித்துத் தடுத்த மாதிரி நின்றுவிடும். அதற்கப்புறம் புல்வெளி, பிறகு குட்டையான ஜூனிப்பர் புதர்கள், கடைசியில் பாண்டரோசா பைன் காடு. அந்தப் பைன் காடு வட அமெரிக்காவின் மிகப் பெரிய பாண்டரோசா காடுகளில் ஒன்று. பாலைவன மாநிலம் என்று பெயரெடுத்த இடத்தில் மணிக்கணக்காகக் காட்டுக்குள் கார் ஓட்டலாம்.

சவாரோ ஏன் நின்றுவிட்டது? உள்ளே முழுக்கத் தண்ணீர். ஒரு நாளுக்கு மேல் விடாமல் உறைநிலைக்குக் கீழே இருந்தால் உள்ளிருக்கும் நீர் உறைந்து செடி செத்துவிடும். இரவில் எவ்வளவு குளிர்ந்தாலும் மறுநாள் வெயில் வந்து காப்பாற்றும் உயரம் வரைக்கும்தான் அதன் ராஜ்ஜியம். இந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. உலகத்தில், தெற்கு அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் பரந்திருக்கும் சொனோரன் பாலைவனத்தைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளரும். முதல் கை முளைக்கவே ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல். நாற்பது அடி உயரத்தில் ஐந்தாறு கைகளோடு நிற்கும் ஒரு சவாரோவைப் பார்த்தால், அரிசோனா 1912 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் 48ஆவது மாநிலமாகச் சேர்ந்தபோதே அது அங்கே நின்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருநூறு வயது வரை வாழக்கூடியது. அனுமதி இல்லாமல் வெட்டினால் அங்கே அது குற்றம்.

உயரத்தைப் பொறுத்துச் செடிகொடிகள் மாறுவதை ஒரு முறையான கருத்தாக வடித்தவர் கிளின்டன் ஹார்ட் மெரியம் என்ற உயிரியலாளர். அவர் அந்த வேலையைச் செய்ததும் அரிசோனாவில்தான். 1889ஆம் ஆண்டு ஃப்ளாக்ஸ்டாஃபுக்குப் பின்னால் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களில் முகாமிட்டு, கீழே கிராண்ட் கேன்யனின் ஆழத்திலிருந்து மேலே சிகரத்தின் உச்சி வரை எந்த உயரத்தில் எந்த மரம், எந்த விலங்கு, எந்தப் பறவை என்று குறித்துக்கொண்டே போனார். கீழே இருந்தவை மெக்சிகோவின் பாலைவன உயிர்கள். உச்சிக்குப் பக்கத்தில் இருந்தவை கனடாவின் வடகோடியில் காணப்படும் உயிர்களை ஒத்திருந்தன. ஒரு மலையில் ஏறுவதும் ஒரு கண்டத்தில் வடக்கு நோக்கி நெடுந்தூரம் நடப்பதும் உயிர்களைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்று அவர் கண்டார். இந்த அடுக்குகளுக்கு 'உயிர் மண்டலங்கள்' என்று பெயர் வைத்தார்.

மெரியம் வெப்பநிலைக்கே எல்லாப் பெருமையும் கொடுத்துவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஈரம், மண், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். தெற்கு பார்த்த சரிவில் வெயில் அதிகம், அதனால் அதே உயரத்திலும் அது வறண்டிருக்கும். வடக்கு பார்த்த சரிவில் மரம் அடர்ந்திருக்கும். இருந்தாலும் முதன்முறை போகும் ஒரு பயணிக்கு மெரியமின் அடுக்குகள் இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. சிகரத்தின் உச்சியில் மரமே வளராது. ஆர்க்டிக் நிலம் போலக் கல்லும் பாசியும் குட்டைச் செடிகளும்தான். அங்கே மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சின்னச் செடி இருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் அது கிடையாது. நவஹோ, ஹோப்பி உட்படப் பல பூர்வகுடி மக்களுக்கு இந்தச் சிகரங்கள் புனிதமானவை என்பதையும் ஏறுவதற்கு முன் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கிராண்ட் கேன்யன். இதைத் தலைகீழ் மலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற மலைகளில் முதலில் ஏறி, களைத்தபின் இறங்குவோம். இங்கே முதலில் இறக்கம், களைத்தபின் ஏற்றம். அதோடு, கீழே போகப் போக வெயில் ஏறுகிறது. மக்கள் அதிகம் போகும் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே கொலராடோ ஆறு ஓடுவது சுமார் 730 மீட்டரில். மேலே 30 டிகிரியாக இருக்கும்போது கீழே 40ஐத் தாண்டியிருக்கும். காலையில் ஜில்லென்று இருக்கிறதே என்று ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு இறங்குகிறவர்கள் மதியம் அடுப்புக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப முயலவே வேண்டாம் என்று தேசியப் பூங்கா நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. தயவுசெய்து அதைக் கேளுங்கள்.

வடக்கு விளிம்பு இன்னும் 300 மீட்டருக்கு மேல் உயரம். குளிர்காலத்தில் பனியால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். தெற்கு விளிம்பில் நின்றால் எதிரே கண்ணுக்குத் தெரியும். பறவை பறந்தால் சுமார் 16 கிலோமீட்டர். காரில் சுற்றிப் போனால் ஏறக்குறைய 345. இந்தப் பள்ளம் அணில்களையே இரண்டாகப் பிரித்துவிட்டது! வடக்குப் பக்கத்துப் பைன் காட்டில் வெள்ளை வாலும் கறுத்த வயிறும் கொண்ட கைபாப் அணில். தெற்கே அதன் பங்காளி, வெள்ளை வயிறோடு. இரண்டுக்கும் பைன் மரம் வேண்டும். நடுவே இருக்கும் பாலைவனப் பள்ளத்தை இறங்கிக் கடக்க முடியாது. 2025 ஜூலையில் வடக்கு விளிம்பில் பெருந்தீ பரவி, அங்கிருந்த பழைய விடுதி எரிந்துபோனது. எனவே அந்தப் பக்கம் போவதானால் எது திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

நமக்கு அங்கே இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. கேன்யனின் அடியில் கறுப்பாக மின்னும் மிகப் பழைய பாறைக்குப் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். அதன் வயது சுமார் 170 கோடி ஆண்டுகள். நடுவே கோபுரம் போல எழுந்து நிற்கும் பாறை முடிகளுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்ற அர்த்தத்தில் பெயர்கள். ராமருக்கும் கிருஷ்ணருக்கும்கூட சன்னதி உண்டு. 1880களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன், இந்த அடுக்கடுக்கான பாறைகளில் கீழைநாட்டுக் கோயில்களின் சாயலைக் கண்டு அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். பின்னால் வந்த வரைபடக்காரர்கள் தொடர்ந்தார்கள். விளிம்பில் உங்கள் காலடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டுகள் பழையது. அதில் கடல் உயிர்களின் எச்சங்கள் பதிந்திருக்கின்றன. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு ஒரு பழைய கடலின் தரையை மிதிக்கிறீர்கள்.

கேன்யனின் ஒரு கிளைப் பள்ளத்துக்குள் சுப்பாய் என்ற கிராமம் இருக்கிறது. ஹவசுப்பாய் மக்களின் ஊர். அதற்குச் சாலை கிடையாது. கடைசி கார் நிறுத்தத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் பாதையில் நடக்க வேண்டும். அந்த ஊருக்குத் தபால் இன்றும் கோவேறு கழுதை முதுகில்தான் போகிறது.

உயரம் மழையையும் ஆட்டிவைக்கிறது. அரிசோனாக்காரர்கள் தங்கள் கோடை மழையை மான்சூன் என்றே சொல்கிறார்கள். நம் பருவமழையைப் பார்த்து ஆசைக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை அது. கோடையில் நிலம் கொதித்துக் காற்றின் திசை மாறி, தெற்கே கடல்களிலிருந்து ஈரம் உள்ளே வருவதால் பெய்யும் உண்மையான பருவமழை. ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை, காலையில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் மலை உச்சிகளில் மேகம் திரளும். மாலையில் இடி, மின்னல், மழை. தாழ்நிலத்தில் சில நாள் மழைக்கு முன்னால் ஊரையே விழுங்குகிற மாதிரி புழுதிச் சுவர் எழுந்து வரும். குளிர்காலத்தில் மெதுவான இன்னொரு மழைக்காலம். இப்படி ஆண்டுக்கு இரண்டு முறை நனைவதால்தான் சொனோரன் பாலைவனம் அத்தனை பச்சையாக இருக்கிறது. மழைக்கு முன் அங்கே எழும் வாசனை மண்வாசனை மட்டுமில்லை. கிரியோசோட் என்ற புதரின் பிசின் படிந்த இலைகளிலிருந்து வருவது அது. அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் அந்த மணம்தான்.

தெற்கே டுமகாகோரி பக்கத்து மலையடிவாரங்களில், மரநிழலில், சில்டெபின் என்ற காட்டு மிளகாய் தானாக விளைகிறது. மிளகு அளவில், உருண்டையாக, சுரீரென்ற காரம். இன்று உலகம் சமைக்கும் பெரும்பாலான மிளகாய் வகைகளின் மூதாதை இந்த இனம்தான் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். மிளகு போலக் காரமான காய் என்று நம் முன்னோர் வைத்த பெயர் அந்தக் காட்டுச் செடிக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

இனி அடிப்படியில் இருக்கும் ஃபீனிக்ஸுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்தது. இப்படிப்பட்ட இடத்தில் 16 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? அடித்தளம் போட்டவர்கள் ஹோஹோகாம் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் பழங்குடி உழவர்கள். கி.பி. 1450 வாக்கில் கலைந்து போகும் வரை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள், மரக்கோலும் கல்லும் கொண்டு, மாடோ குதிரையோ இல்லாமல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால்கள் வெட்டினார்கள். தண்ணீர் தேங்காமலும் கரையை அரிக்காமலும் ஓடும் அளவுக்கு வாட்டம் பார்த்து வெட்டியவை அவை. 1860களில் வந்து குடியேறியவர்கள் அந்தப் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரித்தான் பயிர் செய்தார்கள். பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழும் ஊர் என்பதால்தான் ஃபீனிக்ஸ் பறவையின் பெயர்.

இன்றைய வாய்க்கால் கதை நேர் எதிர். 1993இல் முடிந்த மத்திய அரிசோனாத் திட்டக் கால்வாய், மேற்கு எல்லையில் கொலராடோ ஆற்றிலிருந்து 541 கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்ணீரை ஃபீனிக்ஸ் வழியாகத் தெற்கே டூசான் நகரம் வரை கொண்டுபோகிறது. வழியில் பம்புகள் அதை மொத்தம் ஏறக்குறைய 880 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகின்றன. ஹோஹோகாம் மக்கள் சரிவை நம்பி நீரை இறக்கினார்கள். இவர்கள் மின்சாரத்தை நம்பி ஏற்றுகிறார்கள்.

வெயில் கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பரில் பின்னே வைக்கும். மாலையில் வெளிச்சம் நீள வேண்டும் என்பது நோக்கம். ஃபீனிக்ஸ்காரர்களுக்கு மாலை வெயில் இன்னொரு மணி நேரம் நீண்டால் என்ன ஆகும்? 1967இல் செய்து பார்த்தார்கள். 1968இல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கும் நவஹோ நாடு, அதாவது நவஹோ மக்களின் தன்னாட்சி நிலம், மூன்று மாநிலங்களில் பரந்து கிடப்பதால், தன் மக்களுக்கு ஒரே நேரம் இருக்கட்டும் என்று கடிகாரத்தை மாற்றுகிறது. அந்த நவஹோ நிலத்தால் சூழப்பட்ட ஹோப்பி மக்களின் நிலம் மாற்றுவதில்லை. கோடையில் ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து கிளம்பி டூபா சிட்டி, ஹோப்பி கிராமங்கள், கனாடோ என்று ஒரே நாளில் போனால் உங்கள் போன் ஒரு மணி கூடும், குறையும், மறுபடி கூடும். நவஹோ நிலத்தில் இருக்கும் மானுமென்ட் வேலியில் முன்பதிவு செய்யும்போது எந்த நேரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்குப் பேசுவதற்கு மட்டும் வசதி: ஃபீனிக்ஸில் காலை 7 மணி என்றால் சென்னையில் இரவு 7:30, ஆண்டு முழுக்க.

ஃப்ளாக்ஸ்டாஃபின் இரவு வானத்தைத் தவறவிடாதீர்கள். உயரமும் வறண்ட காற்றும் சேர்ந்து நட்சத்திரங்களைத் தெளிவாகக் காட்டும். 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது அங்கே இருக்கும் லோவெல் வானாய்வகத்தில்தான். தெருவிளக்குகளை அடக்கி வைத்து இருட்டைக் காப்பாற்றியதற்காக 2001இல் உலகின் முதல் சர்வதேச இருள்வான் நகரம் என்ற அங்கீகாரம் அந்த ஊருக்குக் கிடைத்தது. கிழக்கே முக்கால் மணி நேரத்தில், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து தோண்டிய, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமான பள்ளம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை, ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் கிராண்ட் கேன்யனைச் சொல்ல மாட்டேன். டூசானுக்குப் பக்கத்தில் இருக்கும் மவுண்ட் லெம்மனுக்குப் போங்கள். பாலைவனக் கடலில் தீவு மாதிரி தனித்து நிற்கும் இப்படிப்பட்ட மலைகளை அங்கே வானத் தீவுகள் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களும் இதே சொல்லைப் பயன்படுத்துவதுண்டு. 1881இல் அதில் ஏறிய தாவரவியலாளர் சாரா பிளம்மர் லெம்மனின் பெயரைத்தான் சிகரம் தாங்கியிருக்கிறது. அடிவாரத்தில் சவாரோ காடு. சுமார் 43 கிலோமீட்டர் மலைச்சாலை. மெரியமின் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, ஒரு மணி நேரத்தில் 2,700 மீட்டருக்குப் பக்கத்தில் ஃபிர் மரங்களுக்கு நடுவே நிற்பீர்கள். ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். திரும்பி இறங்கும்போது கண்ணாடியை இறக்கி வையுங்கள். வளைவுக்கு வளைவு காற்று சூடாகிக்கொண்டே வரும், பைன் வாசனை எங்கோ ஓரிடத்தில் நின்றுபோகும், முதல் சவாரோ கண்ணில் படும்.